பள்ளி நடத்திய சான்றோர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது குடியிருக்க ஒரு வீடு. அடுத்துத் தேடுவது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஆதலால் நம் காலனியினரில் பலர் ஏதேனும் ஒரு காலத்தில் ஏதேனும் ஒரு பள்ளிக் கமிட்டியில் அங்கம் வகித்திருப்போம். இல்லையேல் அக்கமிட்டியைக் குறை கூறியிருப்போம். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்தல், ஆசிரியர் நியமனம், விடுப்பு விண்ணப்பம், சம்பள பாக்கி, ஒழுகும் கூரை, வராத மானியம் என்று அக்கூட்டங்களில் பேசப்படும் பொருள்கள் யாருக்கும் உற்சாகம் ஊட்டுவன அல்ல. கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, இதற்காகவா ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினோம் என்ற சலிப்பே மிஞ்சுவதுண்டு.

அந்தச் சலிப்பு எழும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்ளத் தக்க ஒரு பெருமகனார், நாம் வாழ வந்த இவ்வங்க நாட்டிலேயே வாழ்ந்து மறைந்திருக்கிறார். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் என்றதும் விதவை மறுமணச் சட்டமும், எல்லையற்ற ஈகையும், வங்கக் குழந்தைகள் எழுத்தறியும் முதற் புத்தகமும் நம் நினைவுக்கு வரும். ஹூக்ளி ஆற்றின் மேல் 1992-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பெரும் பாலத்தின் வழியே போய்வரும்போது அவர் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஆயினும் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது பள்ளிக்கூடங்களை நடத்துவதில் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யாரை ஆசிரியராக அமர்த்துவது, எவ்வளவு சம்பளம் தருவது, அதை எங்கிருந்து பெறுவது என்னும் கேள்விகளே அவரை முப்பதாண்டுகளுக்கு மேல் உறங்கவிடாமல் வைத்திருந்தன. அந்த வித்தியாசாகரரைப் பற்றியே இம்மலரில் சில சொற்கள் எழுத முற்பட்டோம்.

அவர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், இன்று மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் உள்ள பீர்சிங்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாகுர்தாஸ் பந்தியோபாத்தியாயர். தாயார் பகவதி தேவியார். தந்தையார் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்திற்கு வேலை பார்த்து, உண்டதுபோக எஞ்சியதை ஊருக்கு அனுப்பிக் குடும்பம் காத்தவர். ஊரை விட்டு வந்து உழைப்பவரின் வாழ்வு எத்தகையது என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. எட்டு வயதில் தந்தையாருடன் கால்நடையாகவே கல்கத்தாவுக்கு வந்த சிறுவன், வழியிலிருந்த மைற்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான் என்பது இந்நாட்டில் சிறுவரும் அறிந்த செய்தி.

1829-ஆம் ஆண்டு சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றார். இலக்கணம், காவியம், வேதாந்தம், தர்ம சாத்திரம், நியாயம் எனப் பல துறைகளிலும் தேர்ந்து, கல்விக் கடல் என்று பொருள்படும் வித்தியாசாகரர் என்ற பட்டம் பெற்றார். 1841-ஆம் ஆண்டு இறுதியில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதராக, மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

1846-ஆம் ஆண்டு தாம் பயின்ற சம்ஸ்கிருதக் கல்லூரிக்கே உதவிக் காரியதரிசியாக வந்தார். பாடமுறையையும் நிர்வாகத்தையும் சீர்திருத்த அவர் தீட்டிய திட்டத்தைக் காரியதரிசியாக இருந்த ரசமய தத்தர் ஏற்கவில்லை. தம் யோசனை செல்லாத இடத்தில் சம்பளத்திற்காக மட்டும் அமர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. மறு ஆண்டே வேலையை விட்டார். காய்கறி விற்றுப் பிழைப்பதும் தமக்கு இழிவன்று என்று அவர் கருதினார். நண்பர் மதன்மோகன தர்க்காலங்காரருடன் சேர்ந்து, கடன் வாங்கி, சம்ஸ்கிருத அச்சகம் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அவர் எழுதி அச்சிட்ட பாடநூல்களின் வருவாயே அவரை எவருக்கும் தலைவணங்காமல் வாழச் செய்தது.

1850-ஆம் ஆண்டின் இறுதியில் இலக்கியப் பேராசிரியராக மீண்டும் அக்கல்லூரிக்குத் திரும்பினார். கல்லூரியின் நிலை குறித்து அவர் அளித்த அறிக்கை இம்முறை வீண்போகவில்லை. ரசமய தத்தர் பதவி விலகினார். காரியதரிசி, உதவிக் காரியதரிசி என்னும் இரண்டு பதவிகளும் எடுக்கப்பட்டு, அவற்றுக்கு ஈடாக முதல்வர் பதவி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1851-ஆம் ஆண்டு சனவரியில், மாதம் 150 ரூபாய்ச் சம்பளத்தில், முப்பது வயதான வித்தியாசாகரர் அப்பதவியை ஏற்றார்.

முதல்வரானதும் அவர் கைவைத்தது பெரிய தத்துவங்களில் அன்று, அன்றாட நடைமுறைகளில். கல்லூரிக்கு விடுமுறை திதியைப் பார்த்து விடப்பட்டு வந்தது; அதை மாற்றி ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறை ஆக்கினார். கோடைக்கு நீண்ட விடுமுறை ஏற்படுத்தினார். அதுவரை சம்பளம் இன்றி இலவசமாகக் கற்பிக்கப்பட்டதால், சேர்ந்துவிட்டு நின்றுவிடுவதும், நினைத்தபோது மீண்டும் வருவதுமாக மாணவர் இருந்தனர். முதலில் சேர்க்கைக் கட்டணமும், பின்னர் மாதக் கட்டணமும் விதித்து வருகையை ஒழுங்குபடுத்தினார்.

பண்டிதர்கள் நேரம் கடந்து வருவது அக்காலத்து வழக்கம். அவர்களுள் சிலர் முதல்வருக்கே பாடம் சொன்ன ஆசான்கள். குருவை எப்படிக் கண்டிப்பது? வித்தியாசாகரர் ஒன்றும் சொல்லாமல், பள்ளி தொடங்கும் வேளையில் வாயிலருகே வந்து நிற்கத் தொடங்கினார் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். தாமதித்து வந்த முதியவர்கள், மாணவன் நிற்பதைக் கண்டு நாணி, சில நாட்களில் தாமே நேரத்திற்கு வரலாயினர். ஒரு சுற்றறிக்கை செய்யமுடியாத காரியத்தை, தாமே முதலில் வந்து நிற்பதனால் செய்து காட்டினார்.

அந்தணரும் வைத்தியருமே பயின்றுவந்த அக்கல்லூரியில் 1851-ஆம் ஆண்டில் காயஸ்தருக்கும், பின்னர் மதிப்புக்குரியோர் என்று அன்றைய சமூகம் ஒப்பிய பிற இந்து வகுப்பினருக்கும் இடம் அளித்தார். ஆனால் பொற்கொல்லர், வணிகர் ஆகியோரைச் சார்ந்த ஒரு வகுப்பினருக்கு வாயிலைத் திறக்க அப்போது அவர் உடன்படவில்லை. பண்டிதர்களின் எதிர்ப்பு மிகும், உள்ள சீர்திருத்தமும் கெடும் என்று அஞ்சினார். பெரியோர் வரலாற்றை எழுதும்போது இத்தகைய எல்லைகளையும் மறையாது சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

1854-ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக, நாட்டுமொழிக் கல்விக்கும் சர்க்கார் பொருள் ஒதுக்க முன்வந்தது. வங்காளத்தின் முதல் லெப்டினன்ட் கவர்னரான ஹாலிடே, வித்தியாசாகரரின் திறமையை அறிந்தவர். 1855-ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி முதல்வர் பதவியோடு, ஹூக்ளி, பர்த்வான், மேதினிபூர், நதியா ஆகிய நான்கு மாவட்டங்களின் பள்ளிகளுக்கு உதவி இன்ஸ்பெக்டராகவும் அவர் நியமிக்கப்பட்டார். இரண்டுக்கும் சேர்த்து அவர் பெற்ற சம்பளம் மாதம் 500 ரூபாய்.

மாவட்டத்திற்கு ஐந்தாக இருபது மாதிரிப் பள்ளிகளை அவர் சில மாதங்களுக்குள் திறந்தார். கட்டடம் தருவது ஊரார் பொறுப்பு. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது சர்க்காரின் பொறுப்பு. ஆனால் ஆசிரியர் எங்கே? பழைய பாடசாலைக் குருமார்களுக்குப் புவியியலும் வரலாறும் தெரியா. பட்டணத்தில் ஆங்கிலம் கற்றோர் கிராமத்திற்கு வாரார். ஆசிரியரை உண்டாக்காமல் பள்ளியை உண்டாக்குவது கிணறின்றி ஏற்றம் கட்டுவதை ஒக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலால் 1855-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள், சம்ஸ்கிருதக் கல்லூரிக் கட்டடத்திலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. புகழ்பெற்ற எழுத்தாளர் அட்சய குமார தத்தர் மாதம் 150 ரூபாயில் அதன் தலைமையாசிரியர் ஆனார். அதே ஆண்டில்தான் வர்ண பரிசயம் என்னும் எழுத்தறி நூலையும் வித்தியாசாகரர் வெளியிட்டார். ஆசிரியர், புத்தகம், பள்ளிக்கூடம் என்னும் மூன்றையும் ஒருவரே ஒரே ஆண்டில் உருவாக்கினார் எனில் அவ்வுழைப்பை அளவிடல் அரிது.

அவ்வாண்டுகளில்தான் விதவைகளின் துயர் துடைக்கவும் அவர் போராடினார். 1856-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த முதல் மறுமணத்தையும், பின்னர் நடந்த பலவற்றையும் தம் கைப்பொருள் செலவிட்டு நடத்திவைத்து, பெருங்கடனுக்கு ஆளானார். இந்தக் கடனை மனத்தில் கொண்டே அடுத்து நிகழ்ந்ததை நாம் பார்க்கவேண்டும்.

பெண் கல்வியில் வித்தியாசாகரருக்கு இருந்த வேட்கை பெரிது. பெதூன் துரை 1849-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவிய பெண்கள் பள்ளியின் நிர்வாகத்தில் தொடக்க காலத்திலேயே பங்கு கொண்டவர் அவர். கிராமங்களிலும் பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்ற எண்ணத்தை ஹாலிடேயும் ஆதரித்தார். அந்த ஆதரவைச் சர்க்காரின் இசைவாகவே கொண்டு, வித்தியாசாகரர் ஊர் ஊராகச் சென்றார். இடம் தர முன்வந்த ஊர்களில் எல்லாம் பள்ளி திறந்தார். 1857-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1858-ஆம் ஆண்டு மே வரை உள்ள குறுகிய காலத்தில், ஹூக்ளியில் 20, பர்த்வானில் 11, மேதினிபூரில் 3, நதியாவில் 1 என 35 பெண்கள் பள்ளிகள் தோன்றின. ஏறத்தாழ 1,300 சிறுமியர் சேர்ந்தனர். மாதச் செலவு 845 ரூபாய்.

பள்ளி திறந்தாயிற்று, பிள்ளைகள் வந்தாயிற்று, ஆசிரியர்களும் வேலையை ஏற்றாயிற்று. மேலிடத்தின் எழுத்து மூலமான உத்தரவு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு பள்ளியும் திறந்தபோது அவர் அனுப்பிய அறிக்கைகள், கல்வித் துறை இயக்குநரிடமிருந்து வங்காள சர்க்காருக்கும், அங்கிருந்து இந்திய சர்க்காருக்கும் சென்றன. மானிய விதிகளின்படி உள்ளூரில் ஓரளவு பணம் திரட்டப்படவேண்டும். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரிதாக இருந்த ஊர்களில் மாதக் கட்டணமும் கேட்டால் யார் அனுப்புவார்? விதியைத் தளர்த்துமாறு வங்காள சர்க்கார் பரிந்துரைத்தது. ஆனால் 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்குவதில் கசானா வறண்டிருந்த காலம் அது. 1858-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய சர்க்கார் பணம் தர மறுத்துவிட்டது.

தொடங்கிய நாள் முதல் அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் வழங்கப்படவில்லை. அவர்களுக்கு லெப்டினன்ட் கவர்னரையும் தெரியாது, மானிய விதியையும் தெரியாது. தங்களை வேலைக்கு அழைத்தவர் வித்தியாசாகரர் என்பது மட்டுமே தெரியும். நியாயமாக அவர்கள் அவரையே கேட்டனர். பாக்கி ஏறத்தாழ 3,400 ரூபாய். உத்தரவில்லாமல் அமர்த்தியது தம் குற்றமென்றால் அப்பணத்தைத் தாமே கொடுக்கவேண்டியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. சர்க்காருக்கு அவர் எழுதிய முறையீட்டின் சாரம் இதுவே: பள்ளிகளை மூடுவது உங்கள் விருப்பம், உழைத்தவர்களின் கூலியை மறுப்பது நியாயமாகாது.

பொதுக் காரியத்தில் ஈடுபடும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும். எழுத்து மூலமான உத்தரவு கையில் இன்றி ஒருவரையும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பது நிர்வாகத்தின் முதற் பாடம். வித்தியாசாகரர் அதில் தவறினார் என்றே சொல்லவேண்டும். அவர் தவறின் சுமை ஏழை ஆசிரியர்கள் தலையில் பல மாதம் இருந்தது. மறுபுறம், உத்தரவு வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அப்பள்ளிகளுள் ஒன்றேனும் திறந்திருக்குமா என்பதும் ஐயமே. விதியும் வேகமும் முரண்படும் இத்தகைய நிலை, சிறிய அளவில் நம் கமிட்டிகளிலும் நேர்வதுண்டு. அவர் செய்தது முற்றும் சரியென்றோ முற்றும் பிழையென்றோ தீர்ப்பளிக்க நாம் துணியவில்லை. பிழையின் விளைவைத் தாமே சுமக்க முன்வந்தார் என்பதொன்றே நம் கருத்தைக் கவர்கிறது.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். உடல்நலக் குறைவு ஒரு காரணம். மேலதிகாரிகளோடு இருந்த கருத்து வேற்றுமையும், தம் உழைப்புக்குத் துறையில் எதிர்காலம் இல்லை என்ற மனக்கசப்பும் வேறு காரணங்கள். நவம்பர் தொடக்கத்தில், மாதம் 500 ரூபாய் வருவாயைத் துறந்து வெளியேறினார். அவர் நல்லெண்ணத்தோடேயே செயற்பட்டார் என்று கண்டு, டிசம்பர் மாதத்தில் இந்திய சர்க்கார் அந்தப் பழைய பாக்கியை மட்டும் கொடுக்க இசைந்தது. பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தப் பணம் கிடைக்கவில்லை. வித்தியாசாகரர் பெண் கல்வி நிதி ஒன்றைத் திரட்டி, செல்வர் சிலரிடமும் ஆங்கில அதிகாரிகள் சிலரிடமும் மாதச் சந்தா பெற்று, முடிந்த பள்ளிகளைக் காத்து வந்தார்.

1866-ஆம் ஆண்டு மேரி கார்ப்பென்டர் அம்மையார் இந்தியாவுக்கு வந்து, பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி வேண்டுமென்று வற்புறுத்தினார். நோக்கம் நல்லதே என்றாலும், அன்றைய சமூகத்தில் வீட்டை விட்டு வெளிவந்து கற்பிக்க முன்வரும் பெண்கள் கிடைக்கமாட்டார்கள் என்று வித்தியாசாகரர் கருதினார். சர்க்கார் தொடங்கிய அப்பயிற்சிப் பள்ளி சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அம்மையாருடன் பள்ளிகளைப் பார்வையிட்டுத் திரும்புகையில் அவர் ஏறிவந்த வண்டி கவிழ்ந்தது. அன்று பட்ட அடியால் கெட்ட உடல்நலம் பின்னர் முற்றும் தேறவே இல்லை.

சர்க்கார் வேலையை விட்டபின் அவர் கைக்கு வந்தது கல்கத்தா டிரெயினிங் ஸ்கூல் என்னும் சிறு பள்ளி. 1859-ஆம் ஆண்டு உள்ளூர் அன்பர் சிலர் தொடங்கிய அதில் நிர்வாகிகளிடையே பிளவு நேர்ந்தபோது, பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. 1864-ஆம் ஆண்டு அது மெட்ரோபாலிட்டன் கல்விச்சாலை என்று பெயர் பெற்றது. 1872-ஆம் ஆண்டு கல்லூரி வகுப்புகளுக்கு அனுமதி பெற்றபோது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரும் இன்றி இந்தியரே கல்லூரி நடத்துவதா என்று ஐயுற்றோர் பலர். அதன் மாணவர்கள் பரீட்சையில் பெற்ற வெற்றியே அவ்வையத்துக்கு விடை ஆயிற்று. 1879-ஆம் ஆண்டு பி.ஏ. வகுப்பும் வந்தது. சர்க்கார் மானியம் இன்றி, மாணவர் செலுத்திய குறைந்த கட்டணத்தைக் கொண்டே அனைத்தும் நடந்தன.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் அஞ்சாதவர். ஐ.சி.எஸ். உத்தியோகத்திலிருந்து 1874-ஆம் ஆண்டு நீக்கப்பட்டு, வேறெங்கும் வழியற்று நின்ற சுரேந்திரநாத் பானர்ஜியை, மாதம் 200 ரூபாயில் ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டார். ஆட்சியாளர் தள்ளிய அவரே பின்னர் நாடறிந்த தலைவராகி, தாமும் ஒரு கல்லூரியை வளர்த்தார். மாணவரைப் பிரம்பால் அடிப்பதை வித்தியாசாகரர் தம் பள்ளிகளில் தடுத்திருந்தார். கணக்கில் ஒழுங்கின்மை கண்டபோது, நிர்வாகப் பொறுப்பிலிருந்த சொந்த மருமகனையே விலக்கத் தயங்கவில்லை. உறவினர் என்பதற்காக வேலை கொடுப்பதும், உறவினர் என்பதற்காகக் குற்றம் பொறுப்பதும் பள்ளிகளைக் கெடுக்கும் நோய்கள். முதலாவது நோய்க்கு அவரும் இடம் கொடுத்தார் எனலாம். இரண்டாவதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவர் தீர்ப்பு எப்போதும் பிழையற்றது என்பதும் இல்லை. பின்னாளில் விவேகானந்தர் என உலகறிந்த நரேந்திரநாதர், தாம் சிறுவயதில் பயின்ற இதே பள்ளியின் கிளை ஒன்றில் சிறிது காலம் ஆசிரியப் பணி புரிந்தார். கற்பிப்பதில் குறை கூறிப் புகார் எழுந்தது. நரேந்திரர் விலக நேர்ந்தது. ஒரு பக்கத்துப் புகாரைக் கேட்டு ஆசிரியரை நிறுத்துவது எவ்வளவு பெரியவருக்கும் நேரக்கூடிய தவறு என்பதற்கு இதுவே சான்று.

இறுதி ஆண்டுகளில் நகர வாழ்வில் வெறுப்புற்று, கர்மாதார் என்னும் ஊரில் சந்தாலிப் பழங்குடி மக்களிடையே அடிக்கடி சென்று தங்கி, அவர்களுக்கு மருந்தும் உணவும் கல்வியும் அளித்து வந்தார். 1891-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய மெட்ரோபாலிட்டன் கல்லூரி 1917-ஆம் ஆண்டு முதல் வித்தியாசாகர் கல்லூரி என வழங்கிவருகிறது. அவர் தங்கிய ஊரின் இரயில் நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பெற்றோர் பெரும்பான்மையாக அமர்ந்த மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தியிருக்கிறது. பள்ளிக் காரியம் பெரிய மனிதர் சிலருக்கே உரியது என்ற காலம் போய்விட்டது. அக்குழுக்களில் நம் குடும்பத்தினரும் அமர்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் தாய்மொழி கற்பிக்க வரும் ஆசிரியரை அழைத்துவருவதும், அவருக்குரியதை உரிய நாளில் கொடுப்பதும் நம்மைச் சார்ந்தவையே.

வித்தியாசாகரரைப் போன்ற புலமையோ, ஈகையோ நமக்கு வாய்க்காமல் இருக்கலாம். மாதம் முதல் நாள் ஆசிரியருக்குச் சம்பளம் சேர்ந்துவிட்டதா என்று கவலைப்படும் மனம் நமக்கும் வாய்க்கக் கூடும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு படிக்கப்படும்போது, 35 சிற்றூர்களில் சம்பளம் இன்றி நின்ற அந்த ஆசிரியர்களையும், அவர்களுக்காக வாதாடிய அப்பெரியவரையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.